மேற்கு வெயிலுக்கு நிழல்: பம்பூ பக்கத்து நாற்றுப்பண்ணை

மொரிஷியசின் மேற்குக் கரையில் வீட்டுக்கு நிழல் மரம் வைக்க நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம், பம்பூ பக்கம் கரும்புத் தோட்டத்தை ஒட்டி இருக்கும் சின்ன நாற்றுப்பண்ணைதான். பெயர்ப்பலகை கிடையாது. வேலியோரம் கறுப்புப் பைகளில் கன்றுகள் வரிசையாக நிற்கும், அதுதான் அடையாளம். நடத்துகிறவர் எழுபதைத் தொட்டவர். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அவரைத் தோந்தோன், அதாவது மாமா என்றுதான் கூப்பிடுவோம். 2021இல் அவரிடம் வாங்கி நட்ட மரங்கள் பட்சிராய், ஃப்ரெடி, பெலால் என்று மூன்று புயல்களைப் பார்த்துவிட்டன. அதனால்தான் இப்போது நம்பி எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஆல்பியனில். மேட்டு நிலத்து ஊரான கூர்பீப்பில் தூறல் விடாத மாதங்களில்கூட இங்கே மண் புழுதியாகக் கிடக்கும். 1960இல் கரோல் புயல் தகர வீடுகளையும் மர வீடுகளையும் ஆயிரக்கணக்கில் சாய்த்த பிறகு, இந்தத் தீவே கான்கிரீட்டுக்கு மாறியது. புயலுக்கு அது சரி. ஆனால் கோடையில் மேற்குச் சுவர் மாலையில் வாங்கிய சூட்டை இரவு வெகுநேரம் வரை அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். மாமியார் படுப்பது அந்த அறையில். எனக்கு வேண்டியிருந்தது அழகுக்கு ஒரு மரம் இல்லை, அந்தச் சுவருக்கு ஒரு நிழல்.

கன்று கேட்டுப் போனபோது தோந்தோன் விற்கவில்லை. "வீட்டைப் பார்க்காமல் மரம் தரமாட்டேன் மதாம்" என்றார். மறுவாரம் மாலை நான்கு மணிக்கு வந்தார். அந்த நேரத்தையே கேட்டு வாங்கிக்கொண்டு வந்ததில் அர்த்தம் இருக்கிறது. நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருபது டிகிரியில் இருக்கிறோம். டிசம்பரில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு மேல் நிற்கும், அப்போது சுவரில் வெயில் படுவதே குறைவு. சுடுவது மூன்று மணிக்கு மேல், அதுவும் மேற்கிலிருந்து கொஞ்சம் தெற்கே தள்ளி விழும் வெயில். ஜூன், ஜூலையில் சூரியன் வடக்கே போய்விடும். அப்போது வடக்கு ஜன்னல் வழியே வரும் இளவெயிலைத் தடுக்கவே கூடாது. சென்னையில் அச்சாகும் தோட்டப் புத்தகங்களில் குளிர்கால வெயில் தெற்கிலிருந்து வரும் என்றுதான் இருக்கும். அது அவர்கள் ஊருக்குச் சரி. இங்கே அதைப் படித்து நட்டால் நிழல் வேண்டாத பக்கம் விழும்.

சுவரில் வெயில் விழுவதைப் பார்த்துவிட்டு, வீட்டின் தென்மேற்கு மூலைக்கு எதிரே, சுவரிலிருந்து ஆறு மீட்டர் தள்ளி ஒரு குச்சியை ஊன்றினார். செப்டிக் தொட்டி எங்கே, தண்ணீர்க் குழாய் எந்த வழியாகப் போகிறது, மின்கம்பி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டார். மண்ணைத் தோண்டிப் பார்த்தார், ஒரு முழத்துக்குக் கீழே பாறை தட்டியது. குச்சியைப் பிடுங்கி இரண்டடி நகர்த்தினார். இதற்கெல்லாம் அவர் தனியாகக் காசு வாங்கவில்லை.

மரம் எது என்பதில்தான் வீட்டில் பேச்சு நீண்டது. என் கணவருக்கு ஃப்லாம்புவாயான், அதாவது செம்மயிற்கொன்றைதான் வேண்டும். டிசம்பரில் தீவு முழுக்கச் சிவப்பாய்ப் பூத்து நிற்கும் மரம், யாருக்குத்தான் ஆசை வராது? தோந்தோன் மறுத்தார். மடகாஸ்கரிலிருந்து வந்த அந்த மரத்துக்குக் கிளைகள் குடைபோல அகலமாகப் போகும், கட்டை உறுதி கிடையாது, வேர் மேலாக ஓடித் தரையைத் தூக்கும். திறந்த மைதானத்துக்கு அழகு, ஆறு மீட்டரில் வீடு இருக்கிற இடத்துக்கு ஆகாது. வாகை மரமும் அப்படித்தான், இங்கே புவா நுவார் என்பார்கள். வேகமாக வளரும், ஆனால் வறண்ட மாதங்களில் இலையைக் கொட்டிவிட்டு, நெற்றுகள் மட்டும் சலசலக்க நிற்கும். ஆலமரத்தை நான் கேட்கவே இல்லை. அது கோயில் நிலத்தில் இருக்க வேண்டியது.

நாட்டு வாதுமையை, அதாவது பதாமியேயை, அவர் முழுதாகத் தள்ளவில்லை. அடுக்கடுக்காகக் கிளை விரிக்கும், உப்புக் காற்றைத் தாங்கும். ஆனால் பெரிய இலைகள் சிவந்து கூடைக்கணக்கில் கொட்டும், பழத்துக்கு வௌவால் வரும். லிச்சியைப் பற்றியும் இதையே சொன்னார். நிழல் அடர்த்தியாக இருக்கும், ஆனால் காய்த்தால் வலை போட வேண்டும். நம் பழவௌவால்கள் இந்தத் தீவுகளுக்கே உரியவை. லிச்சியையும் மாம்பழத்தையும் காப்பாற்றுவதற்காக 2015இலும் 2016இலும் அவற்றை ஆயிரக்கணக்கில் சுட்டுக் கொன்றார்கள், எனக்கு அந்த வருத்தம் இன்றும் போகவில்லை. காய்க்கும் மரத்தை வைத்துவிட்டு வௌவாலோடு சண்டை போட எனக்கு மனம் இல்லை.

வேம்பு வைக்கலாமே என்று மாமியார் கேட்டார். எங்கள் வீட்டில் அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆடி மாதத்தில் வேப்பிலைக்கு இன்னொருவர் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வேம்பு இந்த வறண்ட கரையில் நன்றாக வரும், தண்ணீர் தேங்கும் மண்தான் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் தோந்தோன் அதைப் பின்பக்க வேலியோரம் வைக்கச் சொன்னார். தென்மேற்கு மூலைக்கு அவர் காட்டியது பாஞ்சுவான்.

இந்த மரத்தை நம் ஆட்கள் பலருக்குத் தெரியாது. நாட்டு வாதுமையின் இனம்தான், ஆனால் மொரிஷியஸ், ரியூனியன், ரோட்ரிக்ஸ் மூன்றிலும் மட்டுமே இயற்கையாக வளர்ந்தது. தாழ்வான, வறண்ட காடுகளில் இருந்த மரம், அதனால் ஆல்பியன் மண் அதற்குப் புதிதில்லை. பட்டையை மருந்துக்காக உரித்து உரித்தே காட்டில் அரிதாகிவிட்டது. இந்தத் தீவில் நல்ல நிலையில் இருக்கும் இயற்கைக் காடு 2 சதவீதத்துக்கும் குறைவு என்கிறார்கள். அப்படியிருக்க, ஒரு நிழலுக்காக வைக்கும் மரம் இந்த மண்ணின் மரமாக இருப்பதில் எனக்குப் பெரிய நிறைவு. கூடவே சின்னதாக ஒரு புவா தொலீவும் எடுத்தேன். அதன் இளங்கன்றைப் பார்த்தால் மெல்லிய நீள இலை, நடு நரம்பு சிவப்பு. வளர்ந்த மரத்தில் இலை அகலமாகப் பச்சையாக இருக்கும். முன்பு இங்கே ராட்சத ஆமைகள் திரிந்த காலத்தில் கன்றுகள் மேய்ச்சலுக்குத் தப்பிக்கத்தான் இந்த வேறுபாடு என்று ஒரு கருத்து உண்டு. பாஞ்சுவானும் சிறுவயதில் குறுகிய இலையோடுதான் நிற்கும். தெரியாதவர்கள் வேறு செடி கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துவிடுவார்கள், அதனால் சொல்கிறேன்.

இனி வேருக்கு வருகிறேன், இந்தப் பண்ணையின் உண்மையான பெருமை அதில்தான். ஆளுயரக் கன்று ஒன்றை நான் காட்டினேன். அவர் முழங்கால் உயரக் கன்று ஒன்றைத் தூக்கிப் பையைக் கழற்றிக் காட்டினார். வேர்கள் நேராகக் கீழே இறங்கியிருந்தன. பிறகு பெரிய பையிலிருந்த ஒன்றைக் கழற்றினார். வேர் பையின் சுவரோடு வட்டமடித்துச் சுற்றியிருந்தது. இப்படிச் சுற்றிய வேர் நட்ட பிறகும் சுற்றிக்கொண்டேதான் தடிக்கும், ஒருநாள் அடிமரத்தையே நெரிக்கும், பக்கவாட்டுப் பிடிப்பு இல்லாததால் புயலில் மரம் அப்படியே கவிழும். "இதை விற்கமாட்டேன்" என்று அவர் அதை ஓரமாக வைத்தார். சிறு கன்று 300 ரூபாய், பெரியது 2,000 ரூபாய். வியாபாரம் பார்க்கிறவர் எதைத் தள்ளியிருப்பார்?

எங்கள் தெருவிலேயே வேறொரு கடையில் இரண்டு ஆள் உயர மரத்தை லாரியில் கொண்டுவந்து நட்டார்கள். முதல் நாளே நிழல் கிடைத்தது. 2024 ஜனவரியில் பெலால் வந்தபோது அது வேரோடு சாய்ந்து கார் மேல் விழுந்தது. குழியில் கிடந்த வேர்க்கட்டு பை இருந்த அளவிலேயே உருண்டையாக இருந்தது, வெளிமண்ணுக்குள் ஒரு வேரும் போகவில்லை.

நட்டது மே மாதத்தில். மழை தொடங்கும்போது நட்டால் தண்ணீர்ச் செலவு குறையும், ஆனால் வேர் பிடிப்பதற்குள் புயல் காலம் வந்துவிடும். மே மாதத்தில் மண் இன்னும் சூடாக இருக்கும், அடுத்த புயலுக்கு முன் பல மாதம் கிடைக்கும், நாம் தண்ணீர் ஊற்றிக்கொள்ள வேண்டும். மே மாதமே நல்லது என்பது தோந்தோன் கட்சி, நானும் அதே கட்சிதான். வேர் தொடங்குமிடம் மண்மட்டத்துக்குத் தெரியும்படி நட்டார், ஆழமாகப் புதைக்கவில்லை. கரும்புச் சோகையை மூடாக்காகப் போட்டு, அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விட்டார். முட்டுக்கொம்பு இரண்டு, கட்டு தளர்வாக. காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும் என்பதால் மறு வருஷமே கொம்பைப் பிடுங்கச் சொன்னார்.

வருஷத்துக்கு ஒருமுறை கவாத்துக்கு வருகிறார், அதற்குக் கூலி தனி. நிச்சயம் கொடுக்கத் தகுந்த காசு. உச்சியை வெட்டவே மாட்டார். உச்சியை மொட்டையடித்தால் அந்த இடத்தில் பலவீனமான கொம்புகள் கும்பலாகக் கிளம்பும், முதலில் ஒடிவது அவைதான். அவர் பார்ப்பது கவட்டையை. இரண்டு தண்டு சரிக்குச் சரியாக, ஒட்டியபடி மேலே போனால் நடுவில் பட்டை மாட்டிக்கொண்டு கட்டை சேராது. அதில் ஒன்றை இளசிலேயே எடுத்துவிட்டால் பிற்காலத்தில் மரம் இரண்டாகப் பிளக்காது. பெலால் போன மறுநாள் எங்கள் பாஞ்சுவானில் சில இலைகள் கிழிந்திருந்தன, ஒரு விரல் தடிமன் கிளை ஒடிந்திருந்தது. அவ்வளவுதான்.

மரம் வளரும்வரை சுவருக்கு என்ன வழி என்று கேட்டதற்கு, நடுவில் இரண்டு முருங்கைக் கொம்பு ஊன்றச் சொன்னார். முருங்கை புயலில் ஒடியும், ஒடிந்த இடத்தில் துளிர்த்துவிடும், விழுந்தாலும் யாருக்கும் சேதமில்லை. முதல் கோடைகளில் அந்த மெல்லிய நிழலே உதவியது, கீரையும் கிடைத்தது. இப்போது பாஞ்சுவான் ஜன்னலின் மேல்விளிம்பைத் தாண்டிவிட்டதால் ஒரு முருங்கையை எடுத்துவிட்டோம். மாலை நான்கு மணிக்குச் சுவரின் பாதி நிழலில் இருக்கிறது. மாமியார் அறையில் மின்விசிறி மட்டும் போதும் என்கிற இரவுகள் கூடியிருக்கின்றன.

குறைகளும் உண்டு. ஃபோன் எடுக்கமாட்டார், நேரில்தான் போக வேண்டும். சனிக்கிழமை மதியத்தோடு மூடிவிடுவார். பைகளில் பெயர்ச்சீட்டு இல்லை, ஒவ்வொன்றாக அவரையே கேட்க வேண்டும். அவர் இல்லாத நாளில் கடையில் நிற்கும் பையனுக்கு எதுவும் தெரியாது. எனக்குக் கொடுத்த புவா தொலீவு பட்டுப்போனது. மாற்றித் தந்தார், ஆனால் அதற்குப் பல தடவை நடக்க வேண்டியிருந்தது. வயதானவர் தனியாக நடத்துகிற இடம் என்று தெரிந்தாலும், காசு கொடுத்தவருக்கு அது சிரமம்தான்.

விலை முக்கியம் என்றால் வனத்துறை நாற்றங்காலில் இந்த மண்ணின் மரக்கன்றுகள் இன்னும் மலிவாகக் கிடைக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து இடம் பார்க்கமாட்டார்கள். இடத்தை நீங்களே தெரிந்துவைத்திருந்தால் அங்கே வாங்குங்கள், கன்றைப் பையோடு தூக்கி வேரைப் பார்த்துவிட்டு எடுங்கள். இடம் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும் என்றால் தோந்தோனிடம் போங்கள். ஏப்ரல் கடைசியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள், மே மாதத்தில் அவர் கையில் நேரம் இருக்காது. வேம்புக்கு நானும் அப்போதுதான் போகிறேன்.