ஓப்ரா டின்: 60 பேருக்குக் கணக்கு எழுதும் கேம்

‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ கேமைத் தொடங்கிய முதல் மாலையில், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் விளையாடிய பிறகு, கப்பலில் இருந்த 60 பேரில் என்னால் உறுதியாக எழுத முடிந்த பெயர்கள் மூன்றே மூன்று. மீதி 57 பேர் யார், எப்படி இறந்தார்கள், அவர்களைக் கொன்றது யார் என்ற எதுவும் தெரியாமல் கணினியை அணைத்தேன். ஆனாலும் எரிச்சல் வரவில்லை. வரைபடம் முழுக்கச் சின்னங்களைத் தூவி, போகவேண்டிய இடத்துக்கு அம்புக்குறியும் போட்டு, ஒரு நிமிடம் நின்று யோசித்தால் உடன்வரும் பாத்திரமே விடையைச் சொல்லிவிடும் கேம்களைத் தொடர்ந்து ஆடிச் சலித்திருந்த எனக்கு, ஒன்றும் சொல்லாமல் காத்திருக்கும் கேம் ஒன்று கிடைத்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

லூகாஸ் போப் ஏறத்தாழத் தனியொருவராக உருவாக்கிய இந்தக் கேம் 2018 அக்டோபரில் கணினிக்கும், அடுத்த ஆண்டு கன்சோல்களுக்கும் வந்தது, இசையும் அவருடையதே. 1802இல் லண்டனிலிருந்து கிளம்பிக் காணாமல்போன ஓப்ரா டின் என்ற வணிகக் கப்பல், 1807இல் ஃபால்மவுத் துறைமுகத்தருகே ஆளில்லாமல் மிதந்து வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய இழப்பு மதிப்பீட்டாளராக நாம் அதில் ஏறுகிறோம். கையில் ஒரு சட்டைப்பைக் கடிகாரமும், கப்பலில் இருந்தோரின் பெயர், பணி, நாடு ஆகியவற்றை எண் வரிசையில் பட்டியலிடும் ஒரு புத்தகமும் இருக்கின்றன. எலும்புக்கூட்டின் அருகே கடிகாரத்தைத் திறந்தால் திரை இருண்டு, அந்த மனிதரின் கடைசி நொடிகள் முதலில் ஒலியாக மட்டும் கேட்கின்றன. பிறகு, அவர் இறந்த கணம் அப்படியே உறைந்து நிற்க, அதற்குள் நாம் நடந்து பார்க்கலாம். எதையும் தொடவோ நகர்த்தவோ முடியாது. பார்ப்பதும் கேட்பதும் தவிர வேறு வேலையே இல்லை.

கேமின் உயிர்நாடி என்று நான் கருதுவது அந்தப் புத்தகம் விடைகளை ஏற்றுக்கொள்ளும் முறையைத்தான். ஒருவரைப் பற்றிச் சரியாக எழுதினாலும் அது உடனே தலையாட்டுவதில்லை. மூன்று பேரின் கதி சரியாக அமைந்த பிறகே அந்த மூன்றையும் சேர்த்து அச்செழுத்தில் பதிக்கிறது. இந்தச் சின்ன விதி இல்லாவிட்டால் ஒவ்வொரு பெயராக மாற்றிப் போட்டே முடித்துவிடலாம். இது இருப்பதால், பாதி உறுதியான ஊகங்களைப் பென்சிலில் எழுதியதுபோல் வைத்துக்கொண்டு, மற்றொரு காட்சியில் அதே முகம் யாருடன் நிற்கிறது, என்ன உடை அணிந்திருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சென்று சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன்; துப்பு எதையும் முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். மாலுமிகள் தூளி போன்ற தொங்கு படுக்கைகளில் உறங்கும் காட்சி ஒன்று உண்டு. அங்கே நடக்கும் மரணத்தையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு படுக்கையிலும் ஓர் எண் தொங்குவதை மூன்று முறை போய்வந்தும் நான் கவனிக்கவில்லை. நான்காம் முறைதான், அந்த எண்ணும் புத்தகப் பட்டியலில் பெயருக்கு முன்னால் இருக்கும் எண்ணும் ஒன்றாயிருக்கலாமே என்று உறைத்தது. அதற்குப் பிறகு, போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கால்களைக்கூட ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தேன்.

காட்சியமைப்பு பழைய மேக்கின்டாஷ் கணினித் திரையைப் போல இரண்டே நிறங்களில், புள்ளிகளாலும் கோடுகளாலும் ஆனது. பெரிய திரையில் நெடுநேரம் பார்த்தால் கண் வலிக்கிறது என்பது உண்மை. விருப்பமானால் பழைய ஐபிஎம், கமடோர் திரைகளின் சாயலுக்கு நிறத்தை மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அதனால் வலி குறையவில்லை, அலங்காரம்தான் மாறியது.

குறைகள் இல்லாமலில்லை. ஏற்கெனவே பார்த்த நினைவுக்காட்சியை மீண்டும் காண, புத்தகத்தின் பக்கத்திலிருந்தே உள்ளே நுழைய வழியில்லை. கப்பலில் அந்த உடல் கிடக்கும் இடத்துக்கு ஒவ்வொரு முறையும் நடந்தே போக வேண்டும். கடைசி ஐந்தாறு பேருக்காக நான்கு தளங்களிலும் ஏறி இறங்கியபோது, இதை ஏன் இப்படி வைத்தார்கள் என்று அலுத்துக்கொண்டேன். மற்றொரு சிக்கல் மொழி. யார் எந்த நாட்டவர் என்பதற்குப் பேச்சின் சாயலும் ஒரு துப்பு. வெல்ஷ்காரரின் ஆங்கிலத்தையும் ஐரிஷ்காரரின் ஆங்கிலத்தையும் பிரித்தறியும் காது எனக்கில்லை. திரையில் ஓடும் எழுத்துகள் சொற்களைத் தருகின்றனவே தவிர அந்தச் சாயலைத் தருவதில்லை. அத்தகைய இடங்களில், இரண்டு பேரை உறுதியாக எழுதிவிட்டு மூன்றாமவரின் பெயரை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூவர் விதி தடுக்க நினைத்த குறுக்கு வழி, கடைசிக் கட்டத்தில் அதே விதியால்தான் திறக்கிறது.

எனக்கு மொத்தம் 11 மணி நேரம் ஆனது. ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் நல்லது. விடைகளை இணையத்தில் தேடினால், வாங்கிய பொருளை நீங்களே கெடுத்துக்கொள்கிறீர்கள், ஏனென்றால் இதில் விடை கண்டுபிடிப்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. முடித்த மறுநாளே ஆசையாக இன்னொரு முறை தொடங்கினேன். முதல் காட்சியில், கதவுக்கு வெளியே நின்று கேப்டனை அழைக்கும் குரல் கேட்டதுமே ஆளின் பெயர் மனத்தில் வந்துவிட்டது, அங்கேயே நிறுத்திவிட்டேன்.