ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் உபுண்டுவும்: சத்தம் வராதபோது எங்கே பார்ப்பது?

திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸிலும் கோவை காலேஜ் ஹாஸ்டலிலும் இது சகஜம். டேலியும் டிசைன் சாஃப்ட்வேரும் விண்டோஸில், மற்ற வேலையெல்லாம் உபுண்டு என்ற லினக்ஸ் ஓஎஸ்ஸில். வருஷக்கணக்கில் இப்படி ஓட்டும்போது அதிகம் படுத்துவது சவுண்ட்தான். சர்வீஸுக்குக் கொண்டுபோனால் "டிரைவர் போயிடுச்சுங்க" என்று ஓஎஸ்ஸையே புதுசாகப் போட்டுக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது தண்டச்செலவு. ரியல்டெக் சவுண்ட் சிப்புக்கு வேண்டிய டிரைவர் லினக்ஸ் கெர்னலோடேயே (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) வருகிறது.

விண்டோஸில் இருந்து வெளியே வந்த விதத்தை முதலில் பாருங்க. ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்குள் போனால் சவுண்ட் சிப்புக்குக் கரண்ட் நிற்பதே இல்லை. விண்டோஸ் டிரைவர் அதில் எழுதிவைத்த செட்டிங் அப்படியே கிடக்கும். சில ரியல்டெக் சிப்புகளில் லினக்ஸால் அதை முழுசாக மாற்ற முடிவதில்லை. வால்யூம் கோடு ஏறி இறங்கும், ஸ்பீக்கர் மட்டும் ஊமை. "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்ற வழக்கமான யோசனை இந்த இடத்தில் உதவாது. ஷட் டவுன் செய்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு, நேராக உபுண்டுவைத் திறங்க.

அதோடு ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் நிறுத்திவிடுங்க. விண்டோஸ் 8 காலத்தில் வந்த வசதி இது. ஷட் டவுன் கொடுத்தாலும் கெர்னலை டிஸ்கில் சேமித்துவிட்டு அரைத்தூக்கத்தில்தான் போகும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள், பவர் பட்டன் என்ன செய்யவேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்புக்கு நேரே உள்ள டிக்கை எடுத்துவிட்டால் போதும். அவசரத்துக்கு ஷிப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தாலும் முழுசாக அணையும். விண்டோஸின் டி டிரைவ் உபுண்டுவில் ரீட் ஒன்லியாகத் திறந்தாலோ, திறக்கவே மறுத்தாலோ, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இன்னும் ஓடுகிறதா என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது அவுட்புட். டிவியோ மானிட்டரோ ஒருமுறை மாட்டியிருந்தால் சத்தம் எச்டிஎம்ஐக்கே போய்க்கொண்டிருக்கும். செட்டிங்ஸில் சவுண்ட் பக்கத்தில் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்க. அப்படியும் வரவில்லை என்றால் டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் (alsamixer, சவுண்ட் அளவுகளைக் காட்டி மாற்றும் கருவி) திறந்து, எஃப்6 அழுத்திச் சரியான கார்டுக்குப் போங்க. மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்ஃபோன் எதன் கீழாவது இரண்டு எம் எழுத்து தெரிந்தால் அது மியூட்டில் இருக்கிறது. எம் விசையை ஒருதரம் தட்டினால் 00 ஆக மாறும்.

அதே இடத்தில் ஆட்டோ மியூட் என்று ஒன்று இருக்கும். ஹெட்ஃபோன் செருகினால் ஸ்பீக்கரை நிறுத்துவது அதன் வேலை. பஞ்சுத்தூசி பறக்கிற நிட்டிங் யூனிட்டில் ஜாக்குக்குள் தூசி அடைந்து, ஒன்றும் செருகாதபோதே செருகியிருப்பதாகக் காட்டிவிடும். டிசேபிள் செய்து பாருங்க. ஸ்பீக்கர் பாடினால் குறை ஜாக்கில்தான். லேப்டாப்பை அணைத்துவிட்டுக் காற்றடித்துச் சுத்தம் செய்யலாம். குண்டூசி விட்டுக் குடையக் கூடாது.

'டம்மி அவுட்புட்' என்று மட்டும் காட்டினால் கதை வேறு. கார்டையே சிஸ்டம் பிடிக்கவில்லை. புது இன்டெல் லேப்டாப்புகளில் எஸ்ஓஎஃப் ஃபர்ம்வேர் (சவுண்டுக்கான சிப்புக்குள் ஏறும் சின்ன மென்பொருள்) இல்லாததோ, கெர்னல் பழசாக இருப்பதோ காரணமாக இருக்கும். போனில் யூஎஸ்பி டெதரிங் போட்டு முழு அப்டேட் கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

பாட்டு தொடங்கும்போது 'டப்' என்று சத்தம் வந்தால், சும்மா இருக்கும் சிப்பை டிரைவர் தூங்கவைத்து எழுப்புகிறது என்று அர்த்தம். எச்டிஏ இன்டெல் மாட்யூலின் (snd_hda_intel என்ற சவுண்ட் டிரைவர்) பவர் சேவ் மதிப்பை 0 ஆக்கினால் நின்றுவிடும். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

புளூடூத் ஹெட்செட்டுக்கு இரண்டு ஓஎஸ்ஸும் ஒரே முகவரியைக் காட்டும், சாவி (இணைக்கும்போது உருவாகும் ரகசியக் குறியீடு) மட்டும் வேறு வேறு. அதனால்தான் ஒன்றில் இணைத்தால் (pair) மற்றதில் அறுந்துபோகிறது. விண்டோஸில் இருக்கும் சாவியை எடுத்து உபுண்டுவில் எழுதலாம், ஆனால் விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியைத் தோண்டவேண்டும். தினமும் மாறி மாறிப் போடுகிறவர்களுக்கு வயர் ஹெட்ஃபோனே மேல்.