மேஜரான மகளின் கல்லூரிச் செலவுக்கு இலவசச் சட்ட உதவி: எங்கே கைகொடுக்கும், எங்கே சறுக்கும்?

பெற்றோர் பிரிந்த வீட்டில், மகளுக்கு 18 முடிந்த மாதமே அப்பா பணத்தை நிறுத்தினால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச வக்கீலை நம்பிப் போகலாமா? தாராளமாகப் போகலாம், மனுவை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதாக இருந்தால்.

உள்ளே நுழைவது சுலபம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. வக்கீல் கட்டணமும் இல்லை. 15100-க்கு அழைத்தும் வழி கேட்கலாம். 18 முடிந்த மகள் மேஜர் என்பதால், வக்கீலை நியமிக்கும் வக்காலத்துப் பத்திரத்தில் அவளே கையெழுத்திட வேண்டும். அம்மாவைக் கார்டியனாகக் காட்டினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும்.

சறுக்கல் சட்டப்பிரிவில். ஜீவனாம்சம் என்றதும் நினைவுக்கு வருவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 125, அதன் இடத்தில் வந்த இப்போதைய பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் பிரிவு 144. உடல், மனக் குறைபாட்டால் பிழைக்க முடியாத நிலை இருந்தாலொழிய மேஜர் பிள்ளைக்கு அதில் இடமில்லை. இந்து மகளுக்கு வழி 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம், பிரிவு 20(3): மணமாகாதவள், சொந்த வருமானமோ சொத்தோ போதாதவள் என்று காட்ட வேண்டும். ஜீவனாம்சத்தில் படிப்புச் செலவும் அடக்கம் என்று பிரிவு 3 சொல்கிறது. 2020-இல் அபிலாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய பாதையும் இதுதான். மேஜர் மகனுக்கு இந்தப் பிரிவு உதவாது.

வழக்கு இழுக்கும்; அதுவரைக்கும் பணம் கேட்கும் இடைக்கால மனுவைக் கூடவே போடச் சொல்லுங்கள். கல்லூரியில் படிப்பதைக் காட்டும் போனஃபைடு சான்றிதழ், கட்டண ரசீது, விடுதி பில், பாஸ்புக் எல்லாம் வேண்டும். சொத்து, கடன் பிரமாணப் பத்திரத்தில் அரசின் புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் வந்தால் அதையும் எழுதிவிடுங்கள். சின்னத் தொகைதான், மறைத்தால் மொத்தப் பத்திரத்தின் மேலும் சந்தேகம் வரும்.

இந்தச் சேவையில் மிகவும் உஷாராக இருக்க வேண்டிய இடம், சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்). அங்கே சமரசம் பதிவானால் அது டிக்ரிக்கு, அதாவது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. "படிப்பு முடியும் வரை மாதம் இவ்வளவு" என்று மொட்டையாக முடித்தால் மேற்படிப்பு, கட்டண உயர்வு, அரியர் எல்லாம் அடுத்த தகராறு. படிப்பின் பெயர், செமஸ்டர் கட்டணத்தை எந்தத் தேதிக்குள் யார் கட்டுவது, ஆண்டு உயர்வு, நிலுவைத் தொகை நான்கும் எழுத்தில் வரட்டும்.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால் நிறைவேற்று மனு. ஜீவனாம்ச டிக்ரிக்குச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு. மீதியை ஜப்தி செய்யக் கேட்கலாம். அப்பா சொந்தத் தொழில் செய்பவரென்றால் இந்தக் கட்டம்தான் இழுபறி. நியமித்த வக்கீல் வாய்தாவுக்கு வராமலே இருந்தால் மாற்றித் தரும்படி ஆணைக்குழுச் செயலாளருக்கே எழுதிக் கொடுங்கள். கைச்செலவுக்கென்று காசு கேட்டாலும் அதே கடிதம்தான்.