இரண்டு நாள் மட்டும் இருந்த டிக்கி

ஜிஎஸ்டி குறைந்ததிலிருந்து நண்பன் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான். "மாப்ள, நீ மூணு வருசமா கேஸ் வண்டிதானே ஓட்டற? நானும் அதையே எடுத்துறட்டா?" நீளம் நான்கு மீட்டருக்குள் அடங்கும், எஞ்சின் 1200 சிசியைத் தாண்டாத வண்டிகளுக்கு செஸ் என்கிற கூடுதல் வரியோடு 29 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆனது. அவனுக்கு ஆசை வந்ததில் தப்பில்லை. கேட்ட நேரம்தான் சரியில்லை.

டிக்கியை அடைத்துக்கொண்டிருக்கிற சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒரு முறை கழற்றி, தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். 2022 தீபாவளிக்கு எடுத்த வண்டி, 2025 தீபாவளிக்கு முன்னால் அந்த முறை வந்தது. "இரண்டு நாள் ஆகுங்க, அதுவரைக்கும் பெட்ரோல்ல ஓட்டிக்கங்க" என்று சிலிண்டரைக் கழற்றி வைத்துக்கொண்டார்கள் சோதனைக்காரர்கள். வீட்டுக்கு வந்து டிக்கியைத் திறந்தால், உள்ளே ஒரு அறையே இருக்கிறது! மூன்று வருடமாக நான் பார்க்காத தரை.

அன்று சாயங்காலமே பொள்ளாச்சிக்குக் கிளம்பிவிட்டோம். மாமனார் வீட்டில் ஒரு சிப்பம் அரிசி, ஒரு மூட்டை தேங்காய், வாழைத்தார் என்று ஏற்ற ஏற்ற உள்ளே போய்க்கொண்டே இருந்தது. "மாப்ளைக்கு டிக்கி வந்துருச்சாட்ட இருக்குது" என்று மாமனார் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கமாக எனக்குக் கிடைப்பது ஒரு லேப்டாப் பையும் குடையும் நிற்கிற இடுக்குதான்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. கோவையிலிருந்து திருப்பூருக்குத் தினமும் போய்வர நூறு கிலோமீட்டர். 85,000 ஓடியும் எஞ்சின் ஒரு தடவைகூட நடுரோட்டில் நிறுத்தியதில்லை. ஒரு கிலோ கேஸுக்கு 26 கிலோமீட்டர் தருகிறது. பெட்ரோலில் ஓட்டினால் லிட்டருக்கு 17. மாதம் ஐந்தாயிரத்துக்குக் குறையாமல் மிச்சம். பெட்ரோல் மாடலைவிடக் கூடுதலாகக் கொடுத்த 95,000 ரூபாய் ஒன்றரை வருடத்திலேயே திரும்பி வந்துவிட்டது. வால்பாறை மலையில் 40 கொண்டை ஊசி வளைவு. ஏசி போட்டுக் கேஸில் ஏறினால் மூச்சு வாங்கும். பட்டனைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாற்றினால் சரியாகிவிடும். அது ஒரு பெரிய விஷயமில்லை.

பங்க் வரிசைதான் இன்னொரு எரிச்சல். 60 லிட்டர் சிலிண்டர் என்பார்கள். எனக்கு எட்டு கிலோ ஏறினால் அதிகம். அதற்கும் 200 பார் அழுத்தம் வேண்டும். நமக்கு முன்னால் நாலு ஆட்டோ பிடித்துவிட்டுப் போயிருந்தால், "பிரஷர் இல்லீங்க, அஞ்சு கிலோதான் ஏறும்" என்று பையன் கையை விரிப்பான். விடியற்காலையில் போனால் கூட்டமும் இருக்காது, கேஸும் குளிர்ந்திருப்பதால் கொஞ்சம் கூடுதலாக ஏறும். இதற்காக ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தரைக்கு எழுந்து பழகிவிட்டேன். குடும்பத்தோடு போனால் இன்னும் விசேஷம். கேஸ் பிடிக்கும்போது வண்டிக்குள் யாரும் உட்காரக்கூடாது. முட்டிவலிக்கார அம்மாவையும் இறக்கித்தான் நிறுத்த வேண்டும்.

என் வயிற்றெரிச்சல் இதுகூட இல்லை. நான் வாங்கி ஏழாவது மாதம், 2023 மே மாதத்தில், டாடா ஆல்ட்ராஸில் ஒரு பெரிய சிலிண்டருக்குப் பதிலாக முப்பது முப்பது லிட்டரில் இரண்டைத் தரையோடு படுக்க வைத்துவிட்டார்கள். மேலே 210 லிட்டர் இடம். அடுத்த வருடம் ஹூண்டாய் எக்ஸ்டரிலும் இரட்டைச் சிலிண்டர் வந்தது. ஏழு மாதம் பொறுத்திருக்கலாம். வீட்டில் இதைச் சொல்லிக்காட்டாத தீபாவளி இல்லை.

மூன்றாம் நாள் சிலிண்டர் திரும்பி வந்தது. அடுத்த சோதனை 2028. தேங்காய் மூட்டை மறுபடியும் பின் சீட்டுக்குப் போய்விட்டது. சீட் பெல்ட்கூடப் போட்டுவிடுகிறோம்.

நண்பனுக்குப் போன் செய்து, "கேஸ் வேண்டாம்டா, பேசாமப் பெட்ரோல் எடு" என்றேன்.

"அப்ப உன் வண்டிய வித்துட்டு நீயும் பெட்ரோலுக்கு மாறிக்கலாமில்ல?"

"அதெப்படி? அதெல்லாம் விக்க மாட்டேன்" என்று வைத்துவிட்டேன்.