மணிக்கட்டில் ஒரு பச்சை விளக்கு

நான் வாங்கிய ஸ்மார்ட்வாட்ச்சின் பெட்டியில் ஏழு நாள் சார்ஜ் நிற்கும் என்று போட்டிருந்தது. திரையை எப்போதும் எரியவிட்டு, ஜிபிஎஸ் போட்டு நடந்தால் இரண்டரை நாள்தான். இரவுப் பணிக்குக் கிளம்புமுன், குளிக்கிற நேரத்தில் சார்ஜில் போடப் பழகிவிட்டேன்.

நான் செவிலியர், அளவீடுகளைத்தான் உற்றுப் பார்த்தேன். தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தில் பச்சை ஒளி பட்டுத் திரும்புவதை வைத்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது விரல் வைத்து எண்ணினால் இரண்டு மூன்றுதான் வித்தியாசம். மாடிப்படி ஏறினாலோ, வார் தளர்ந்தாலோ எண் தாறுமாறாகிறது. ஏசி குளிரில் கை ஜில்லிட்டிருந்த ஓர் இரவு ஆக்சிஜன் 89 என்று காட்டியது. கையைத் தேய்த்துச் சூடாக்கி, விரலில் மாட்டும் கருவியில் பார்த்தால் 98.

அம்மாவுக்கு வாங்கலாமா என்று அக்கா கேட்டாள். “நடைப்பயிற்சிக்கு வாங்கிக் கொடு அக்கா. மாரடைப்பை இதனால் கண்டுபிடிக்க முடியாது, நெஞ்சு வலித்தால் இதைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போ” என்றேன்.