4.49, 4.50, 4.51: ஏர் பிஸ்டலுக்கு எந்த அளவு பெல்லட்?

பத்து மீட்டர் ஏர் பிஸ்டல் சுடப் பழகுகிறவர்களைப் பிஸ்டல் வாங்கிய கையோடு குழப்புவது, பெல்லட் (அதில் சுடும் சின்ன ஈயக் குண்டு) டின்னின் அடியில் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன எண். 4.49, 4.50, 4.51 என்று மூன்று வகை பரவலாகக் கிடைக்கின்றன. பெல்லட்டின் தலைப்பகுதி எத்தனை மில்லிமீட்டர் விட்டம் என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது. மூன்றையும் என் பிஸ்டலில் சுட்டுப் பார்த்துவிட்டு 4.50-இல் நிலைத்திருக்கிறேன். குறி அட்டையில் மிக அழகாக விழுந்தது 4.49 என்பதையும் மறைக்கப் போவதில்லை. ஆனாலும் என் பையில் இருப்பது 4.50தான்.

முதலில் எளிதாகத் தள்ளிவிடக்கூடியவை. 5.5 மி.மீ. துப்பாக்கியைப் பற்றிப் பேச்சே இல்லை. பத்து மீட்டர் போட்டிக்கு 4.5 மட்டுமே. 2016 ஆயுத விதிகளின்படி, 4.5 மி.மீ.க்கு மிகாத, 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட ஏர் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பதும் இதில் ஒரு வசதி. (உரிமம் வேண்டாம் என்றதும் வாய்க்கால் கரையில் மடையானும் கொக்கும் அடிக்கக் கிளம்புகிறவர்கள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இந்தக் கட்டுரை அவர்களுக்கானது அன்று.) அடுத்து, தலை தட்டையாக உள்ள பெல்லட்டையே வாங்குங்கள். அதுதான் அட்டையில் வட்டமாக, சுத்தமாக ஓட்டை போடும். எடையில் 0.45 கிராம், 0.53 கிராம் என இரண்டு பழக்கத்தில் உண்டு. பிஸ்டலுக்கு முதலாவது, ரைஃபிளுக்கு இரண்டாவது என்பது பொது வழக்கம். நானும் அதை மீறவில்லை.

அளவு ஏன் முக்கியம் என்பதை எனக்குப் புரியவைத்தவர் திருச்சி ரேஞ்சுக்கு (சுடுதளத்துக்கு) வரும் ஒரு பெரியவர். இருபத்தைந்து மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் .32 ரிவால்வரில் சுட்டுப் பழகியவர். அவர் சொன்னது: “ரிவால்வரில் வார்ப்புக் குண்டு சின்னதாகிவிட்டால் குழல் ஈயம் பூசிக்கொள்ளும் தம்பி. உன் பெல்லட்டில் கதை வேறு.” உருக்கி வார்த்த ஈயக் குண்டு, ரிவால்வர் உருளையில் தான் இருக்கும் அறையின் வாயைக் கடந்து, குழலின் தொண்டைக்குள் தாவி, பிறகுதான் புரியை, அதாவது குழலின் உட்சுவரில் சுழலாக வெட்டியிருக்கும் மேடுபள்ளத்தை, கவ்வுகிறது. அதனால் புரிப்பள்ளத்தின் விட்டத்தைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பெரிதாக வைப்பது அங்கே வழக்கம். அறைவாய் அதைவிடக் குறுகலாக இருந்தால் குண்டு போகும் வழியிலேயே சீவப்பட்டுவிடும். சின்னதானால் சூடான வாயு பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தை அரித்துக் குழலில் படியவைக்கும்.

ஏர் பிஸ்டலில் சூடான வாயு இல்லை, உருளையும் இல்லை. பெல்லட் வார்ப்பும் அன்று. மெல்லிய ஈயத்தை அச்சில் வைத்து அழுத்திச் செய்வது. அதன் தலை குழலின் புரிமேடுகளின் மேல் சறுக்கிக்கொண்டு நேராகப் போக உதவுகிறது. பின்னால் உள்ள மெல்லிய, குழிந்த விளிம்பு காற்றழுத்தத்தில் விரிந்து புரிப்பள்ளத்தை அடைக்கிறது. அதாவது, காற்றை அடைக்கும் வேலை பின்விளிம்புக்கு, வழிகாட்டும் வேலை தலைக்கு. டின்னில் எழுதியிருக்கும் எண் இரண்டாவது வேலையைப் பற்றியது மட்டுமே. எனவே அளவு ஒரு படி தவறினாலும் ரிவால்வரில் வருவதுபோன்ற விபரீதம் ஏதும் இங்கே வராது. க்ரூப், அதாவது அட்டையில் ஓட்டைகள் சேர்ந்து விழும் பரப்பு, கொஞ்சம் அகலும், அவ்வளவுதான்.

4.51-ஐ இரண்டு வரியில் முடித்துவிடலாம். என் குழலுக்கு அது இறுக்கம். கட்டை விரலால் தள்ளி ஏற்றும்போதே தெரிகிறது. பின்விளிம்பு கோணினால், அந்தச் சுடு எங்கே போகும் என்பதை அதுதான் முடிவு செய்யும். கொஞ்சம் தேய்ந்த, பல கை மாறிய பழைய பிஸ்டல்களில் 4.51 நன்றாக விழுவதாக ரேஞ்சில் இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். என் பிஸ்டல் புதிதாக வாங்கியது என்பதால் அதை நான் நேரில் பார்த்ததில்லை.

4.49 வேறு ரகம். கும்பகோணத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் செய்து கொடுத்த இரும்புப் பிடியில் பிஸ்டலை இறுக்கிவைத்து, பத்து மீட்டரில் பத்துப் பத்தாகச் சுட்டுப் பார்த்தேன். 4.49-இன் க்ரூப் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு ஏறக்குறைய 7 மி.மீ. வந்தது. 4.50-க்கு ஏழரை, 4.51-க்கு எட்டரை. ஒரே ஓட்டையே 4.5 மி.மீ. என்பதை நினைத்துக்கொண்டால் 4.49 எவ்வளவு ஒழுங்காக விழுகிறது என்று புரியும். ஏற்றும்போதும் விரலுக்குச் சுகமாக இருக்கிறது. தாளை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பிஸ்டல் அட்டையில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மி.மீ. பெல்லட்டின் விளிம்பு கோட்டைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும். ஆகவே வளையத்தின் ஆரம் 5.75, பெல்லட்டின் ஆரம் 2.25, இரண்டும் சேர்ந்து 8. பெல்லட்டின் மையம் அட்டையின் நடுவிலிருந்து 8 மி.மீ. எந்தப் பக்கம் தள்ளிப் போனாலும் அது பத்துதான். இந்த 16 மி.மீ. அகல மைதானத்தில் 4.49-க்கும் 4.50-க்கும் உள்ள வேறுபாடு அரை மி.மீ. அறுபது சுடுகளில் 570 எடுப்பவர் நல்ல சுடுநர். அவர் இழக்கும் முப்பது புள்ளிகளும் விசையை இழுத்த விரலிலும் தளர்ந்த மணிக்கட்டிலும் போனவை. சமநிலை வந்தால் எண்ணிப் பார்க்கும் உள்வட்டப் பத்து 5 மி.மீ. விட்டம்தான். அங்கே இந்த அரை மி.மீ.க்குக் கொஞ்சம் மரியாதை உண்டு. என் நிலையில் அந்தக் கவலை இன்னும் வரவில்லை.

அளவு இந்த அளவுக்குத்தான் முக்கியம் என்றால், தீர்மானிப்பது எது? என் அனுபவத்தில் ஒன்றே ஒன்று: இதே தொகுதி (ஒரே தடவையில் தயாரான சரக்கு) பெல்லட் அடுத்த முறையும் எனக்குக் கிடைக்குமா?

டின்னின் அடியில் அளவுக்குப் பக்கத்திலேயே ஒரு தொகுதி எண் இருக்கும். பெரும்பாலோர் அதைப் பார்ப்பதே இல்லை. அச்சு தேயத் தேய, ஈயம் மாற மாற, 4.50 என்று எழுதிய இரண்டு டின்களின் பெல்லட்டுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. அளவு பார்க்கும் துளைத் தகட்டில் போட்டுப் பார்த்தால், ஒரு தொகுதியின் 4.50 இன்னொரு தொகுதியின் 4.49-ஐ ஒட்டி நிற்பதைக் காணலாம். அதாவது, நாம் அலசிக்கொண்டிருக்கும் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் வேறுபாடு, ஒரே எண் எழுதிய டின்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. பெரிய போட்டிகளுக்குப் போகிறவர்கள் அளவை மட்டும் பார்த்து வாங்குவதில்லை. பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, பிடித்த தொகுதியை மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். நாதஸ்வரக்காரர் ஒரு கட்டுச் சீவாளியில் தன் வாய்க்கும் வாத்தியத்துக்கும் இசைந்தது எது என்று கண்டுகொண்டால், அது தீருமுன் அதே கையிடம் இன்னொரு கட்டுக்குச் சொல்லிவைப்பதில்லையா, அந்த மாதிரி.

நம் ஊரில் இதற்கு ஒரு தடை இருக்கிறது. போட்டித் தரப் பெல்லட் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தோ செக் நாட்டிலிருந்தோ சீனாவிலிருந்தோ இறக்குமதியாகி வருகிறது. விற்பவர் எந்த அளவை நம்பி வரவழைப்பார்? எல்லாரும் கேட்கும் அளவைத்தான். அது 4.50. எனக்கு மிகவும் பிடித்துப்போன 4.49 டின் தீர்ந்து, அதே தொகுதி வேண்டும் என்று கேட்டபோது, ஒரு விற்பனையாளர் அந்த அளவே கையிருப்பில் இல்லை என்றார். பல வாரம் கழித்து வேறொரு தொகுதியை அனுப்பினார். அதைப் பிடியில் வைத்துச் சுட்டேன், க்ரூப் 4.50-ஐவிட அகலமாக வந்தது. டின்னில் அதே 4.49தான் அச்சாகியிருந்தது.

500 பெல்லட் கொண்ட டின் ஒன்று எத்தனை நாள் வரும் என்று பாருங்கள். போட்டி 60 சுடு. குறி சரிபார்க்கச் சுடுவதையும் சேர்த்தால் ஒரு பயிற்சிக்கு 70, 80 போய்விடும். ஏழு பயிற்சிக்கு ஒரு டின். வாரம் மூன்று நாள் ரேஞ்சுக்குப் போகிறவருக்கு ஒரு டின் மூன்று வாரம்கூட நிற்காது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொகுதி மாறினால், குறி தள்ளிப்போவது பெல்லட்டாலா கையாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. பழகுகிறவருக்கு இதைவிடப் பெரிய இடைஞ்சல் இல்லை. 4.50-இல் ஒரே தொகுதியில் பத்து டின் கேட்டால் கிடைக்கிறது. 5,000 சுடுகளுக்குப் பெல்லட் பற்றிய யோசனையையே விட்டுவிடலாம். இன்னொரு வசதியும் உண்டு: மிஞ்சிய 4.50 டின்னை வாங்கிக்கொள்ள ரேஞ்சில் எப்போதும் ஆள் இருக்கிறது. என்னிடம் மீந்த 4.51 டின்னை இலவசமாகக் கொடுத்தும் யாரும் எடுக்கவில்லை.

2022 ஜூலையில் மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி திருச்சியில் நடந்தது. நடிகர் அஜித்குமார் வந்து சுட்டதால் ஊரே திரண்டது. அதற்குப் பிறகு தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் இந்த விளையாட்டைக் கேட்டு வருகிறார்கள். அவர்களின் பெற்றோர் முதலில் கேட்பது செலவைத்தான். பத்து டின் மொத்தமாக வாங்குவது அவர்களுக்குப் பாரம் என்பது தெரியும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே தொகுதியை வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்ல வழி, அதுவும் 4.50-இல்தான் எளிதாக நடக்கும். ஆளுக்கு ஓர் அளவு பிடித்திருந்தால் கூட்டுக் கொள்முதலுக்கு இடமேது?

மொத்தமாக வாங்கினால் பாதுகாக்க வேண்டும். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே வியர்க்கும். ஈயத்தின் மேல் ஈரக் காற்று பட்டால் வெண்பொடி பூக்கும். மர அலமாரிக்குள்ளும் அட்டைப் பெட்டிக்குள்ளும் வைத்தால் இன்னும் வேகமாகப் பூக்கும். மரத்திலிருந்து வரும் அமில ஆவி அதைத் தூண்டுகிறது. பூத்த பெல்லட்டில் 4.49 ஏது, 4.51 ஏது? நான் டின்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களுடன் வைக்கிறேன். எண்ணெய் தெளிக்கிறவர்களும் உண்டு. எண்ணெய் மிஞ்சினால் முதல் சில சுடுகள் வழிதவறுகின்றன என்பதால் நான் தெளிப்பதில்லை. இன்னொன்று, பெல்லட்டைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள். சோப்பு போட்டுக் கழுவாமல் இலை முன் உட்காரும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது.

இதுவரை சொன்னதெல்லாம் பிஸ்டலுக்கு. ரைஃபிளில் நான் சுட்டது சொற்பம். அங்கே பத்துப் புள்ளி வெறும் 0.5 மி.மீ. புள்ளி, மேலே போட்ட அதே கணக்கில் மையம் 2.5 மி.மீ.க்கு மேல் தள்ளக் கூடாது. புள்ளியையும் தசமத்தில் எண்ணுகிறார்கள். 4.49 அரை மி.மீ. குறைவாகச் சிதறுவது அங்கே நிஜமான ஆதாயம். ரைஃபிள்காரர்கள் அளவையும் தொகுதியையும் சேர்த்தே சோதிப்பதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். அதற்கு மேல் அழுத்திச் சொல்லும் அளவுக்கு என்னிடம் அனுபவம் இல்லை.

பிஸ்டலுக்கு 4.50 வாங்கப் போகிறவர்கள், விற்பவரிடம் முதலில் ஒரே ஒரு டின் கேளுங்கள்; அதே தொகுதியில் இன்னும் எத்தனை டின் வைத்திருக்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள். டின் வந்ததும் பிஸ்டலை இறுக்கிவைத்துப் பத்துப் பத்தாகச் சில அட்டை சுடுங்கள். வெளிவிளிம்பு 8 மி.மீ.க்குள் நின்றால் மீதியையும் அன்றைக்கே சொல்லி வாங்கிவிடுங்கள். 10-ஐத் தாண்டினால், 4.49-க்குப் போகுமுன் வேறொரு தொகுதி 4.50-ஐச் சுட்டுப் பாருங்கள்.