பெரம்பூர்ல இருந்து மயிலாப்பூர்: 29சி-யா, ட்ரெயினா?

வேலை மாறி ஆபீஸ் மயிலாப்பூர் லஸ் பக்கம் வந்ததுல இருந்து ரெண்டு மாசம் ட்ரெயின்ல போனேன், அப்புறம் 29சி பஸ்ஸுக்கு மாறிட்டேன், இப்பவும் அதுலதான் போறேன். அதனால நான் யார் பக்கம்னு முன்னாடியே சொல்லிடுறேன், நடுநிலையெல்லாம் எதிர்பாக்காதீங்க.

ட்ரெயின் கணக்கு சிம்பிள். பெரம்பூர்ல ஏறுனா வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ், அப்புறம் சென்ட்ரல். அங்க இறங்கி சப்வேல பூந்து பார்க் டவுன் போய் வேளச்சேரி வண்டி பிடிக்கணும், சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம்னு போய் திருமயிலை, அதான் மயிலாப்பூர் ஸ்டேஷன். டிக்கெட் காசு சில்லறைதான். வண்டி சரியா மாட்டுனா பஸ்ஸை விட இருபது நிமிஷம் முன்னாடியே போயிடலாம், இதுல நோ ஆர்க்யூமென்ட்.

ஆனா அந்த "மாட்டுனா"தான் விஷயமே. சென்ட்ரல்ல இறங்குற கூட்டத்தோட தள்ளுமுள்ளுல சப்வேல இறங்கி, ஏறி, பார்க் டவுன்ல திரும்ப ஏறி மேல போறதுக்குள்ள வண்டி கிளம்பிடுச்சுன்னா அடுத்ததுக்கு நிக்கணும், அவ்ளோதான், மிச்சம் பிடிச்ச இருபது நிமிஷமும் பிளாட்பாரத்துலயே போச்சு. திருமயிலைல திரும்ப எத்தனை படி! எனக்குப் பரவாயில்ல, வெள்ளிக்கிழமை கபாலி கோயிலுக்கு வர்ற அம்மாவுக்கு முட்டி வலி. ஒரு தடவ கூட்டிட்டுப் போனேன், அதோட சரி. 2023 ஆகஸ்ட்ல இருந்து 2024 அக்டோபர் வரைக்கும் நாலாவது ரயில் பாதை போடுற வேலைக்காக பீச்–சிந்தாதிரிப்பேட்டை வண்டியே நிறுத்தி வச்சிருந்தாங்க, பார்க் டவுன் அதுக்கு நடுவுலதான் இருக்கு. அந்த ஒரு வருஷத்துக்கு மேல இந்த ரூட்டை நம்புனவங்க என்ன பண்ணிருப்பாங்கன்னு அடிக்கடி நெனைப்பேன்.

29சி-ல மாறுற வேலையே இல்ல. பெரம்பூர்ல ஏறி ஓட்டேரி, புரசைவாக்கம், நுங்கம்பாக்கம், ஜெமினி, லஸ், மந்தைவெளி, அடையார், கடைசில பெசன்ட் நகர். வடசென்னைல ஏறுனா கடற்கரை வரைக்கும் ஒரே வண்டி. எங்க தாத்தா கடைசி வரைக்கும் இதை "பல்லவன்"னுதான் சொல்வாரு, 1972ல ஆரம்பிச்ச பல்லவன் பஸ் கார்ப்பரேஷன் பேரு 1997லயே போயிடுச்சுன்னு எத்தனை தடவ சொன்னாலும் கேக்க மாட்டாரு. சீட் கிடைச்சா ஒரு மணி நேரம் தூங்கலாம், ட்ரெயின்ல மாறி மாறிப் போறப்ப அது நடக்காது. 2021ல இருந்து சாதா கட்டண பஸ்ல எங்கள மாதிரி லேடீஸுக்கு டிக்கெட் காசும் கிடையாது, பிங்க் கலர் மூஞ்சி வண்டி வந்தா ஏறிக்கலாம், டீலக்ஸ் வந்தா காசு.

குறை இல்லாம இல்ல. கொஞ்ச நேரம் ஒண்ணும் வராது, அப்புறம் ரெண்டு மூணு சேந்து வரும். டிரைவர் மேல கோவப்பட்டுப் பிரயோஜனமில்ல, முதல் வண்டி சிக்னல்ல லேட்டாச்சுன்னா ஸ்டாப்ல ஆள் சேந்துடும், அத்தனை பேரும் ஏறி இறங்க இன்னும் லேட்டாகும், பின்னாடி வர்ற வண்டிக்கு ஆளே இல்லாம வேகமா வந்து ஒட்டிக்கும். அதனால முதல் வண்டில தொங்காம பின்னாடி வர்றதுக்கு நில்லுங்க, பாதி காலியா வரும். 2022ல வந்த சென்னை பஸ் ஆப்ல வண்டி எங்க வருதுன்னு பாத்துட்டு வீட்டை விட்டு இறங்குறது இன்னும் உத்தமம்.

லஸ், மந்தைவெளி பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டி சுத்தி விட்டதுல நேரம் கூடுதலா இழுக்குது, அது உண்மைதான். அடையாருக்கு மேல போறவங்களுக்கு இந்தக் கணக்கு மாறலாம், நான் பெசன்ட் நகர் வரைக்கும் லீவு நாள்லதான் போயிருக்கேன். மழை நாள்ல ட்ரெயின் எப்படின்னும் ரெண்டு மாச அனுபவத்துல பெருசா சொல்லிட முடியாது.

காமெடி என்னன்னா, அந்தத் தோண்டுறதே மாதவரம்–சிறுசேரி மூணாவது வழித்தடத்துக்கு. மொத்தம் 45 கிலோமீட்டர் சொச்சம். அந்த மேப்பை எடுத்துப் பாருங்க: பெரம்பூர், ஓட்டேரி, புரசைவாக்கம், நுங்கம்பாக்கம், மயிலாப்பூர், மந்தைவெளி, அடையார். அப்படியே நம்ம 29சி-ய பூமிக்கு அடில இறக்குன மாதிரி இருக்கு. அம்மாகிட்ட காட்டுனேன், மேப்பையெல்லாம் அவங்க பாக்கல, "அதுல லேடீஸுக்கு ஃப்ரீயா?"ன்னுதான் கேட்டாங்க.